பறக்கும் நேரம் மட்டும்

அலுவலகத்தில் அவனுக்குக் 'கிலோமீட்டர்' என்று பெயர். எந்த இரண்டு விமான நிலையங்களைச் சொன்னாலும், நடுவில் எத்தனை கிலோமீட்டர், பறக்க எவ்வளவு நேரம் என்று திரையைப் பார்க்காமலே சொல்லிவிடுவான். டிக்கெட் விற்கிற பிழைப்பு. நடுவழியில் விமானம் மாற ஏழு மணி நேரம் பெஞ்சைத் தேய்க்க வேண்டியிருக்கும் என்பதைப் பற்றி மட்டும், யாராவது துருவித் துருவிக் கேட்டாலொழிய வாயைத் திறக்க மாட்டான். அங்கே எல்லோருக்கும் அதுதான் பழக்கம்.

நேற்று அக்கா அழுதுகொண்டே கூப்பிட்டாள். அப்பாவுக்கு வயிற்றில் ரத்தக் குழாய் ஊதிப்போயிருக்கிறது, காலையிலேயே ஆபரேஷன். "நீ வர எவ்வளவு நேரம்டா ஆகும்?"

"ஒன்பதாயிரத்து நானூத்து எண்பது கிலோமீட்டர்க்கா. பன்னெண்டு மணி நேரம். உங்க நேரப்படி காலையில ஆறு மணிக்கு ஃப்ளைட்." பாழாய்ப்போன நாக்கு, பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது.

நடுவழி விமான நிலையத்தில் இறங்கி ஃபோனைப் போட்டதும்தான் விஷயமே தெரிந்தது. அப்பா ஆபரேஷனைத் தள்ளிப்போட வைத்திருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு மகன் வந்துவிடுவான், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதக் கையெழுத்து என்று ஒரே பிடிவாதம். ஆறு மணிக்கு மேல் போனால் தன்னால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவனுடைய அடுத்த விமானமே ஊர் நேரப்படி ஆறே முக்காலுக்குத்தான்.

"அப்பா, நான் தப்பா சொல்லிட்டேன். வந்து சேர ராத்திரி ஒரு மணி ஆயிடும். கையெழுத்துப் போட்டுடுங்கப்பா."

அப்பா சிரித்தார். "உங்கக்கா சொல்லிக் குடுத்தாளா? ஏமாத்தி உள்ள தள்ளப் பாக்குறீங்க. நீ சொன்ன மணி என்னிக்குடா தப்பியிருக்கு?"

கெஞ்சினான், கத்தினான். வேறு விமானம் உண்டா என்று கவுன்ட்டர் கவுன்ட்டராக அலைந்தான். இல்லை என்பது கேட்பதற்கு முன்பே அவனுக்குத் தெரியும். தன் நாக்கையே அறுத்து எறியலாம் போலிருந்தது.

ஐந்தரைக்கு அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். அப்பாவின் முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. கையெழுத்துக்காகக் கொடுத்த பேனா விரல்களுக்கு நடுவில் இருந்தது. அவன் ஃபோனைத் திருப்பிச் சுற்றிலும் காட்டினான். நாற்காலி வரிசைகள், உருண்டு போகிற பெட்டிகள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விமானம்.

"பாருங்கப்பா. நான் இன்னும் பாதி வழியிலதான் இருக்கேன்."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "வந்து இறங்கிட்டான்! நான் சொல்லல?" என்று நர்ஸிடம் திரும்பினார். "ஆறு மணின்னா ஆறு மணிதான்."

"ஐயோ, இது நம்ம ஏர்போர்ட் இல்லப்பா!"

"சரி சரி, அவசரப்படாம பெட்டிய எடுத்துக்கிட்டு வா. நான் முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

பேனாவை மூடித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.