எண்ணெய்த் தட்டில் கிடந்தது

என் கணவர் ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்ப் பேச ஆரம்பித்தது, மெக்கானிக் இன்ஜினைப் பிரித்த மறுநாளிலிருந்துதான். அதற்கு முன் அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. நில அளவை வேலையில் முப்பது வருஷம் வெட்டவெளியில் கத்திப் பேசிப் பழகியவர். அவர் 'ஹலோ' சொன்னால் மேல்வீட்டுக்காரர் பதில் சொல்வார் என்று கேலி செய்வோம். அப்படிப்பட்டவர் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"யாருங்க?" என்று கேட்டேன்.

"மெக்கானிக்தான்."

"என்னவாம்?"

"சும்மா. பேரிங் கிடைக்கலையாம்."

பேரிங் கிடைக்காததற்கு எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்?

கார் என் மாமனாருடையது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மடக்கு கூரை. உட்கார்ந்தால் ரோடு இடுப்பளவில் ஓடும். அவர் போன பிறகு மூத்த மகன் என்று இவரிடம் வந்தது. கொழுந்தனுக்கு அதில் மனத்தாங்கல். விற்றுவிடலாம் என்று அவர் சொல்ல, இவர் முடியாது என்று சொல்ல, இரண்டு மாதம் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தார்கள்.

அந்த இன்ஜின் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் கையில்தான் நின்றுபோனது. மேட்டுச் சாலை, வளைவு. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் சரிவதைப் பார்த்தேன். பார்த்தவுடன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்டப் பார்த்தேன். அதற்குள் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு கிரீச்சென்று எல்லாம் இறுகிவிட்டது. பின்னால் வந்த லாரி ஒரு முழ தூரத்தில் நின்றது. லாரிக்காரர் இறங்கிவந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து இவர் வந்தார். எனக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை.

"முள்ளைப் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேங்க. பார்த்ததும் நிறுத்திட்டேன்."

"பார்த்திருந்தா இப்படி ஆகியிருக்காது."

விசாரணை அவ்வளவுதான். அதன் பிறகு வீட்டில் நாலு பேர் கூடினால் அது ஒரு கதை. "அண்ணி கையில சைக்கிள்கூடக் குடுக்காதீங்க" என்பார் கொழுந்தன். இவர் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன். வேலைக்கு பஸ்ஸில் போனேன். கார் ஷெட்டில் போர்வை போர்த்திக்கொண்டு கிடந்தது. இவர் ஓய்வு பெற்ற பிறகுதான் மறுபடி அதன் மேல் ஆசை வந்து, மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டுபோய் விட்டார்.

அந்த மெக்கானிக்கை எல்லோரும் 'கால் சுத்து' என்பார்கள். எந்த போல்ட்டை முறுக்கினாலும் கடைசியில் 'இன்னும் கால் சுத்து' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாராம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின் என்றால் அவர்தான் என்று பேர்.

"நானும் ஒரு நாள் வரட்டுமா?" என்று இவரிடம் கேட்டேன்.

"நீ எதுக்கு? அங்க ஒரே கிரீஸ்."

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கச் சாக்கடை நீரை வடிகட்டிப் பார்க்கிறவளை கிரீஸ் காட்டி பயமுறுத்துகிறார். காரை யாருக்கோ விற்கப்போகிறாரோ என்று நினைத்தேன். வேறு மாதிரியும் நினைத்தேன். அந்த வாரம் நான் நினைக்காதது ஒன்றும் பாக்கியில்லை.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்குப் போனேன். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. இன்ஜினின் இரும்புக்கூடு ஒரு ஸ்டாண்டில் தலைகீழாகத் தொங்கியது. ஜன்னல் ஓரத்து மேஜையில் பாகங்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு பழைய துண்டை எடுத்து அவற்றின் மேல் போட்டார்.

"சிவப்பு வண்டி எங்களுதுதான்," என்றேன்.

"தெரியும்மா. சார் வரலையா?"

"நான் வந்தது அவருக்குத் தெரியாது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப எனக்கும் தெரியாது," என்று ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"துண்டுக்கு அடியில என்ன?"

"பேரிங்மா. தேய்ஞ்சு போச்சு."

"எதனால தேய்ஞ்சது?"

"சார்கிட்ட கேளுங்க."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் காலடியில் சம்ப் கிடந்தது. இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்குகிற தட்டு. மூலையில் கறுப்பாகக் கசடு உறைந்திருந்தது. வெளியே யாரோ ஹாரன் அடிக்க, அவர் எட்டிப் பார்க்கப் போனார். நான் குனிந்து விரலால் தொட்டேன். நறநறவென்றது. எண்ணெய்க் கசடு வழவழப்பாகத்தானே இருக்க வேண்டும்? கைக்குட்டையில் வழித்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது அவர் ஷட்டருக்கு அருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷட்டரை இன்னும் கொஞ்சம் ஏற்றி எனக்கு வழிவிட்டார்.

பரிசோதனைக் கூடத்துக்கு வந்து கசட்டைக் கரைத்து, வடிகட்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மணல் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கோணல் மாணலாக, கூர்முனைகளோடு, ஒன்றுபோல் ஒன்று இருக்காது. இது உருண்டையாக இருந்தது. ஒவ்வொன்றும் கண்ணாடி கோலி மாதிரி, நடுவில் ஒரு ஒளிப்புள்ளியோடு. சில உடைந்திருந்தன. ஆற்று நீர், கிணற்று நீர், குழாய் நீர் எதிலும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. இது தானாக வந்து சேர்ந்ததில்லை. யாரோ உள்ளே போட்டது.

முதலில் நினைவுக்கு வந்த முகம் கொழுந்தனுடையது. விற்க வேண்டும் என்று சண்டை போட்டவர். ஷெட் சாவி ஒன்று அவரிடமும் இருந்தது. இன்ஜின் நின்ற செய்தி கேட்டு முதலில் சிரித்தவரும் அவர்தான். இத்தனை வருஷம் என்னைக் கேலி செய்ததெல்லாம் தன்னை மறைக்கத்தானா? அன்று அந்த லாரி நிற்காமல் போயிருந்தால்?

மறுநாள் அவருக்கு ஃபோன் செய்தேன். சுற்றிவளைத்துத்தான் ஆரம்பித்தேன்.

"அந்த இன்ஜின் நின்னுதே, அதுக்கு முன்னாடி வாரம் நீங்க ஷெட்டுக்குப் போனீங்களா?"

"என்ன அண்ணி, போலீஸ் மாதிரி கேக்கறீங்க?"

"சும்மா சொல்லுங்க."

"அப்ப எனக்கும் அண்ணனுக்கும் பேச்சே கிடையாதே. நான் எங்க போனேன்?" என்றவர் கொஞ்சம் நிறுத்தினார். "அண்ணன்தான் அந்த மாசம் முழுக்க ஷெட்டே கதின்னு கிடந்தாரு. இன்ஜினைப் பளபளன்னு ஆக்கறேன்னு கழட்டி மாட்டிட்டு இருந்தாராம். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். மறந்திருந்தேன். இன்ஜின் மேல்மூடியைக் கண்ணாடி மாதிரி மின்ன வைத்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "முகம் பார்த்துக்கோ" என்று சொன்னாரே.

சனிக்கிழமை மறுபடி பட்டறைக்குப் போனேன். மைக்ராஸ்கோப்பில் எடுத்த படத்தை ஃபோனில் நீட்டினேன். கால் சுத்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த துண்டை அவரே எடுத்தார்.

பேரிங்குகள் பிறை வடிவத்தில் இருந்தன. அவற்றின் உட்பக்கம் ஊசியால் குத்திய மாதிரி பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

"கண்ணாடி மணிம்மா," என்றார். "காத்தழுத்தத்துல வேகமா அடிச்சா அலுமினியம் புதுசு மாதிரி ஆயிடும். எல்லாப் பட்டறையிலயும் பண்றதுதான். ஆனா அடிச்சப்புறம் மூலை முடுக்கெல்லாம் கழுவணும். ஒரு சிட்டிகை உள்ள தங்கிட்டாலும் போச்சு. எண்ணெயோட சுத்தி சுத்தி வந்து பேரிங்கைத் தின்னுடும்."

"யார் ஓட்டியிருந்தாலும்?"

"யார் ஓட்டியிருந்தாலும். நீங்க நிறுத்தலைன்னா இந்த இரும்புக்கூடே உடைஞ்சிருக்கும். உள்ள இருக்கற ராடு வெளிய வந்திருக்கும். சட்டுனு நிறுத்தியிருக்கீங்க, அதனாலதான் இன்னிக்கு இதைச் சரி பண்ண முடியுது."

நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அவருக்குத் தெரியுமா?"

"பத்து நாளாத் தெரியும். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு. 'கேட்டா பொய் சொல்ல மாட்டேன், கேக்காம நானா வந்து சொல்லவும் மாட்டேன்'னு சொல்லிட்டேன். நீங்க அன்னிக்குக் கேட்டீங்க. நான் நழுவிட்டேன். அது தப்புதான்."

அன்று சாயங்காலம் இவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். படத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"என்ன இது?"

"நீங்களே சொல்லுங்க."

ஊசியை வைத்துவிட்டார். காது மடல் சிவந்தது. "கால் சுத்து வாயை வச்சிட்டு சும்மா இருக்க மாட்டான்."

"அவர் சொல்லலை. நானே கண்டுபிடிச்சேன்."

"சரி. கழுவினது பத்தலை போல. மணி அடிச்ச மூடியைத் தோட்டத்துக் குழாயில கழுவினேன். எனக்கு என்ன தெரியும், இப்படி ஆகும்னு?"

"பத்து நாளாத் தெரியும்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"அதுக்கு முன்னாடி? ஒன்பது வருஷத்துல ஒரு தடவைகூட உங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

அவர் பதில் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பத்தான் உட்கார்ந்திருந்தேன்.

"வந்துச்சு," என்றார் கடைசியில். "வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்த அன்னிக்கே. எண்ணெய் நிறத்தைப் பார்த்ததுமே. ஆனா உன்னை எல்லார் முன்னாடியும் திட்டியாச்சு. அப்புறம் தம்பி சிரிச்சான். அவன் உன்னைப் பார்த்து சிரிச்சா பரவாயில்லை, என்னைப் பார்த்து சிரிக்கக் கூடாதுன்னு..."

பாதியில் விட்டுவிட்டு ஊசியை மறுபடி கையில் எடுத்தார். நான் அழவில்லை. இன்ஜினைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் ஒன்பது வருஷம் போர்வை போட்டு மூடிவைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனி யாரும் காரணம் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துத் திறந்திருக்கிறார்.

"நாளைக்கு உங்க தம்பி வீட்டுக்குப் போறோம்," என்றேன். "இதே மாதிரி அங்கயும் சொல்லணும். நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். பேச மாட்டேன்."

போனோம். சொன்னார். மென்று விழுங்கித்தான் சொன்னார், ஆனால் ஒன்றையும் விடவில்லை. கொழுந்தன் முதலில் சிரிக்கப் போனார். என் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். "மன்னிச்சிடுங்க அண்ணி. நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்" என்றார். அவர் மனைவி, "எனக்கு அப்பவே தெரியும், அக்கா கவனமாத்தான் ஓட்டுவாங்க" என்றாள். அவளும் அந்தக் கதைக்கு நன்றாகச் சிரித்தவள்தான். அதை விட்டுவிட்டேன்.

இன்ஜின் வேலை இன்னும் ஏழு வாரம் ஓடியது. கால் சுத்து எண்ணெய் ஓடும் துளைகளின் அடைப்புகளையெல்லாம் கழற்றி, நீள பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவினார். கழுவிய நீரைப் பாட்டிலில் பிடித்து, "நீங்க பார்த்துச் சொல்லுங்கம்மா, அப்புறம்தான் மூடுவேன்" என்று என்னிடம் தந்தார். முதல் பாட்டிலில் நூற்றுக்கும் மேல் மணிகள். மூன்றாவதில் பதினொன்று. ஐந்தாவதில் ஒன்று. அந்த ஒன்றுக்காக இன்னொரு தடவை கழுவச் சொன்னேன். முகம் சுளிக்காமல் கழுவினார். ஆறாவது பாட்டிலை மூன்று முறை வடிகட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அன்று புதிய பேரிங் ஏறியது. ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கி, கடைசியில் அவர் முணுமுணுத்ததை நானும் காதால் கேட்டேன்.

கார் இப்போது ஓடுகிறது. சனிக்கிழமைகளில் நான்தான் ஓட்டுகிறேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார், அதிகம் பேசுவதில்லை. பால்கனிக் கதவைச் சாத்துவதும் இல்லை. ஃபோன் வந்தால் என் எதிரிலேயே, ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறார். போன வாரம் டெலிஃபோன் கம்பெனிக்காரன் ஏதோ விற்கக் கூப்பிட்டதைக்கூட நான் கேட்க வேண்டியிருந்தது. ஸ்பீக்கர் வேண்டாம் என்று சொல்லலாம். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே பேசட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.