சந்தனம் மூடிய கண்ணாடி

ஆரியசாலையில் நெல்லையப்பனின் மாவு மில்லில் வெள்ளிக்கிழமை ஷட்டர் ஏறியதும் முதலில் நடப்பது பூஜைதான். சூப்பர்வைசர் ஆறுமுகசாமி கிண்ணத்தில் சந்தனம் குழைத்து, ஒவ்வொரு மெஷினாகப் பொட்டு வைத்துக்கொண்டே வருவார். அரைக்கும் மெஷின், சலிக்கும் மெஷின், கடைசியாக அரிசி மாவை வறுக்கும் பெரிய இரும்பு உருளை. உருளையைச் சுற்ற வைக்கும் கியர் பெட்டியின் பக்கவாட்டில் வட்டமாக ஓர் இடம் இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல இருக்கும். ஆயுத பூஜையன்று அவர் அங்கே அப்பிய சந்தனத்தை அதன் பிறகு யாரும் தொடவில்லை. பூஜைப் பொட்டைத் துடைத்தால் தொழிலுக்கு ஆகாது என்பது அந்த மில்லின் வழக்கம். வாரா வாரம் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு ஏறி, இப்போது அடை மாதிரி கனத்திருந்தது.

"அண்ணாச்சி, கொஞ்சம் இங்க வாரியளா?" உருளையடியில் வேலை பார்க்கும் விஜயம் கூப்பிட்டாள். "சத்தம் ஒரு மாதிரியா இருக்கு. ரெண்டு மூணு நாளா முனகுது."

"முனகுதா? மசக்கையா இருக்கும். வளைகாப்பு போட்டிருவோமா?"

சலிக்கும் மெஷின் பக்கம் நின்ற பெண்கள் சிரித்தார்கள். விஜயமும் சிரித்தாள். ஆனால் விடவில்லை. "இல்ல அண்ணாச்சி, அந்தப் பெட்டி தொட்டா சுடுது. முன்ன இப்பிடிச் சுடாது."

"அடியில தீ எரிஞ்சா சுடாம குளிருமா? ஏட்டி, மூணு நாள் டிரெயினிங் போயிட்டு வந்தவன் நான். நீ எனக்குக் கிளாஸ் எடுக்கியா?"

அவர் கையிலிருந்த ஊதுபத்தி ஆபீஸ் அறைச் சுவரைக் காட்டியது. அங்கே பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஆறுமுகசாமியின் பயிற்சிச் சான்றிதழ்.

"அதுக்கில்ல அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாததா" என்று விஜயம் மாவைக் கிளறப் போய்விட்டாள்.

உண்மையில் அவருக்குத் தெரியாது. சிறு தொழில் செய்கிறவர்களின் சங்கம் ஒன்று அந்தப் பயிற்சியை நடத்தியது. மெஷினை எப்படிப் பராமரிப்பது, நின்றுபோகாமல் எப்படி ஓட்டுவது, அதே ஆட்களை வைத்துக்கொண்டு எப்படிக் கூடுதலாக உற்பத்தி செய்வது என்று மூன்று நாளும் செய்து காட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். முதல் நாள் ஆறுமுகசாமி போனார். பை கொடுத்தார்கள்; மத்தியானம் சாப்பாடும் நன்றாக இருந்தது. அன்று சாயங்காலம் நாகர்கோவிலிலிருந்து மைத்துனன் விஜய்குமார் புதுக் கார் வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

"அத்தான், பொன்முடி போவோம். கல்லாத்துல ஒரு குளியல் போட்டா எப்பிடி இருக்கும்!"

"டிரெயினிங் இருக்கேடே."

"மெஷின் கூடயே இருவத்தஞ்சு வருசமா கெடக்கிய. உங்களுக்கு அங்க என்னத்தப் புதுசா சொல்லப் போறாவ?"

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இரண்டாம் நாள் முழுவதும் அவர் கல்லாற்றுத் தண்ணீரில் கிடந்தார். மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு மேல், குரூப் போட்டோவுக்குச் சரியாகப் போய் முன்வரிசையில் நின்றார். சான்றிதழ் வந்தது. பை அவர் மனைவி சாலைக் கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போக உதவியது.

மில்லில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. முதலாளி நெல்லையப்பன்கூட, "பிரேம் போட்டு மாட்டும் ஓய். வர்றவன் பாக்கட்டும்" என்றதோடு சரி.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் உருளை நின்றது. கிரீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடியில் தீ எரிந்துகொண்டிருக்க, உள்ளே இருந்த மாவு சுற்றாமல் கருகத் தொடங்கியது. விஜயம் ஓடிப்போய் கேஸை அடைப்பதற்குள் புகை மில்லை நிறைத்துவிட்டது. தீய்ந்த நாற்றம் தெருமுனை வரை போனது.

பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு மூட்டி அம்மனுக்குப் பொங்கலிடும் ஆற்றுக்கால் பொங்காலைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. கடைவாசல்களில் மண்பானைகள் குவிந்துவிட்டன. அன்று இலையில் பொதிந்து அவிக்கும் தெரளி செய்ய வறுத்த மாவு கேட்டு ஊர் முழுக்கக் கடைக்காரர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். நெல்லையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"யாரு ஓய் உருளையில நின்னது?"

ஆறுமுகசாமி யோசிக்கவில்லை. "விஜயம்தான் மொதலாளி."

மறுநாள் காலை சிஜி வந்தாள். பயிற்சியில் மெஷின் பராமரிப்பு வகுப்பு எடுத்த இன்ஜினீயர் அவள்தான். நெய்யாற்றின்கரைக்காரி; தமிழில் மலையாளம் கலந்து பேசுவாள். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்ததால் நெல்லையப்பன் போன் போட்டிருந்தார். கியர் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தவள், "அய்யோ" என்றாள்.

"என்ன மேடம்?"

"ஆயிலே இல்ல சாரே. ஒரு சொட்டு இல்ல. எல்லாம் உரசி ஒட்டிப்போயி. இனி வேற கியர் பெட்டிதான். அது கோயம்புத்தூர்லேந்து வரணும். பொங்காலைக்கு முன்ன இது ஓடாது."

நெல்லையப்பன் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஆயில் எங்க போச்சு? கீழ ஒழுகியிருந்தா தெரியாதா?"

"கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சிருக்கு. கீழ கெடக்கிற மாவுத்தூசி எல்லாத்தையும் குடிச்சிருக்கு. ஆனா ஆயில் கொறஞ்சா காட்டுறதுக்கு இதுல ஒரு கண்ணாடி உண்டல்லே? அது எங்க?" சிஜி பெட்டியைச் சுற்றி வந்தாள். சந்தனத்தின் முன்னால் நின்றாள். "இதுவா?"

"அது பூஜைப் பொட்டு. தொடப்பிடாது..." என்று ஆறுமுகசாமி தொடங்குவதற்குள் அவள் ஈரத்துணியை வைத்து அழுத்திவிட்டாள். சந்தனம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் வட்டமாக ஒரு கண்ணாடி பளபளத்தது.

பெண்கள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

சிஜி ஆறுமுகசாமியின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, செகண்ட் டே காலையில நம்ம இதைத்தானே செய்தது? எல்லாரும் அவங்கவங்க கையால தொடச்சுப் பாத்தாங்களே. ஓர்மை இல்லையா?"

எல்லோர் கண்ணும் ஆறுமுகசாமியின் மேல். கல்லாற்றின் குளிர் இப்போதுதான் முதுகில் ஏறியது போல இருந்தது அவருக்கு.

"ஓர்மை இல்லாம பின்ன? பாத்தேனே. வந்த அன்னைக்கே விஜயத்துக்கிட்ட சொல்லியும் குடுத்தேன். தெனமும் நீதான் பாக்கணும்னு சொன்னேன்."

அவர் எதிர்பார்த்தது ஒரு சண்டை. இல்லை என்று அவள் கத்துவாள், தானும் கத்தலாம், சத்தத்தில் விஷயம் அமுங்கிவிடும் என்றிருந்தார். விஜயம் கத்தவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"எனக்கு ஞாபகம் வரல மொதலாளி. ஆனா அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டாவ. சொல்லியிருப்பாவ. நாந்தான் மறந்திருக்கேன் போல."

"மறந்திருக்கியா?" நெல்லையப்பன் எழுந்தார். "மறக்கிறதுக்கு இது என்ன சமையல்கட்டா? பொங்காலை யாவாரமே போச்சு! நாளையிலேந்து நீ வர வேண்டாம்மா."

விஜயத்தின் கணவன் இடுப்பொடிந்து வீட்டோடு கிடக்கிறான் என்பதும், கரமனையில் அந்த வாடகை வீடு அவளுடைய ஒரு சம்பளத்தில்தான் நிற்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆறுமுகசாமிக்கும் தெரியும். அவர் தரையில் கிடந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விஜயம் கையில் ஒட்டியிருந்த மாவைக் கழுவினாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். ஷட்டர் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டுமா? கோவப்படாதிய."

"என்ன?"

"அன்னைக்குச் சொல்லிக் குடுத்ததை இன்னொருக்கச் சொல்லித் தாரியளா? அந்தக் கண்ணாடியில எண்ணெய் எது வரைக்கும் நிக்கணும்? மெஷின் ஓடும்போது பாக்கணுமா, நிப்பாட்டிட்டா? வேற மில்லுல வேலை கெடச்சா அங்கயாவது மறக்காம இருக்கணும்லா."

ஆறுமுகசாமி வாயைத் திறந்தார். பாதி வரையா, முக்கால் வரையா? ஓடும்போதா, நிறுத்தியா? அவர் சிஜியைப் பார்த்தார். சிஜி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதவவில்லை.

"சொல்லுங்க அண்ணாச்சி. நான் கவனமா கேக்கேன்."

"எனக்குத் தெரியாது விஜயம்."

"என்ன?"

"தெரியாதும்மா." குரல் தேய்ந்து வந்தது. "நான் அன்னைக்குக் கிளாஸ்ல இல்ல. மச்சினன் கூடக் கல்லாத்துல குளிச்சிட்டுக் கெடந்தேன். உன்கிட்ட நான் ஒண்ணுமே சொல்லல. நீதான் வந்து என்கிட்ட சொன்ன, சத்தம் வித்தியாசமா இருக்கு, சுடுதுன்னு. நான் சிரிச்சேன். அந்தக் கண்ணாடியில சந்தனத்தை அப்பினதும் நாந்தான்."

சலிக்கும் மெஷின் பக்கம் நின்ற பெண்கள் இந்த முறை சிரிக்கவில்லை. ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அடித்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

விஜயம் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "நேத்து ராத்திரி பூரா நெனச்சுப் பாத்தேன் அண்ணாச்சி, எங்க தப்பு வந்துதுன்னு. இன்னைக்கு நீங்க சொன்னதும், நமக்குத்தான் தலை சரியில்லாம ஆயிட்டோன்னு பயந்துட்டேன். மெஷினு போனா வேற வாங்கிரலாம். என்னையே நான் நம்ப மாட்டாம பண்ணிட்டியளே."

அவர் கைகூப்பினார். அவள் அதை ஏற்றுக்கொண்டதாகவும் காட்டவில்லை, மறுத்ததாகவும் காட்டவில்லை.

நெல்லையப்பன் ஆறுமுகசாமியை நோக்கிப் பாய்ந்தார். "ஓய், இத்தனை வருசம் உம்மை நம்பி..."

"சாரே, ஒரு நிமிஷம்" என்றாள் சிஜி. "உருளைக்கிட்ட நிக்கிறது இந்த சேச்சி. கிளாஸுக்கு வந்தது வேற ஆளு. யாரை அனுப்பணும்னு நாங்க கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

நெல்லையப்பனுக்கு நினைவு வந்தது. 'பொம்பளைங்களை அனுப்பினா வேலை நிக்கும். யாராவது ஒருத்தர் வந்து போட்டோவுக்கு நின்னா போதும்லா' என்று சிரித்துக்கொண்டே சொன்னது அவர்தான். ஓங்கிய குரல் அப்படியே இறங்கியது. பிறகு விஜயத்தைப் பார்த்து, "தூக்குவாளியை உள்ள வையி தாயி. நான் சொன்னதை மனசுல வச்சுக்காத" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பொங்காலைக்கு ஆரியசாலை மில்லிலிருந்து மாவு போகவில்லை. புதுக் கியர் பெட்டி வந்த அன்று சிஜி மறுபடி வந்தாள். உருளையைச் சுற்றி எல்லாப் பெண்களும் நின்றார்கள். மெஷினை நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு, கண்ணாடியின் நடுக்கோடு வரை எண்ணெய் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று காட்டினாள். முதலில் துடைத்துப் பார்த்தவள் விஜயம். கடைசியாகப் பார்த்தவர் ஆறுமுகசாமி. அன்று அவர் பொட்டு வைத்தார். கண்ணாடியை விட்டுத் தள்ளி, மூடியின் மேல், சின்னதாக.

பொட்டு வைத்து முடித்ததும் ஆபீஸ் அறைக்குப் போய்ச் சுவரிலிருந்த சான்றிதழில் கை வைத்தார்.

"என்ன ஓய் பண்றீர்?"

"கழட்டிரலாம்னு மொதலாளி. பாக்கவே கூசுது."

"அது அங்கயே இருக்கட்டும்" என்றார் நெல்லையப்பன். "உமக்கும் கூசட்டும், எனக்கும் கூசட்டும். கத்துக்கிடாம வாங்கின காயிதத்தை நீர் மாட்டினீர், வேலை செய்யிறவளுக்குக் கத்துக்குடுக்காம நான் அதைப் பாத்துப் பெருமைப்பட்டேன். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லியிருந்தா ஒரு நிமிஷ வெக்கத்தோட போயிருக்கும் ஓய். தெரிஞ்ச மாதிரி நடிச்சதுக்கு ஒரு பாவப்பட்டவ வேலை போகப் பாத்துதே!"

ஆறுமுகசாமி கையை எடுத்துக்கொண்டார். வெளியே விஜயம் உருளையை ஓட்டிவிட்டு, அதன் சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.