சாவிக்காரியின் மூலை வீடு

சித்தப்பாவின் வீட்டுத் தரகு அலுவலகத்தில் அவளுக்குச் சாவிக்காரி என்று பெயர். விற்பனைக்கு வந்த காலி வீடுகளை, ஆட்கள் பார்க்க வருவதற்கு முன்பே போய்த் திறந்து வைப்பது அவள் வேலை. ஜன்னல்களைத் திறப்பாள், குழாய்களைச் சற்று ஓடவிடுவாள், எரியாத பல்பை மாற்றுவாள். வேலை என்னவோ சீக்கிரமே முடிந்துவிடும். அம்மணி மட்டும் கிளம்பமாட்டாள். அந்த வீட்டில் குடியேறிவிடுவாள்.

மனசுக்குள்தான். கட்டில் இந்தப் பக்கம், பீரோ அந்தப் பக்கம் என்று ஆரம்பித்துக் குடித்தனமே நடத்திவிடுவாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கணவனுக்கு இரவு வேலை. பகல் முழுக்க அவன் தூங்குகிற அந்த ஒற்றை அறையில் கரண்டி விழுந்தால்கூடக் கலவரம்தான். காலி வீடுகளில்தான் அவள் வாய்விட்டுப் பாடுவாள். வெற்றுச் சுவர்களும் கூடவே பாடும்.

எத்தனை வீடு திறந்தாலும், தெருக்கோடியில் இருந்த மூலை வீட்டின்மேல்தான் அவளுக்கு உயிர். மதியம் சாயும் நேரத்தில் சமையலறை ஜன்னல் வழியே வெயில் வரும். தரையில் மெல்ல நகர்ந்து, மாடிப்படியின் முதல் படியில் ஏறி உட்காரும். அவளும் பக்கத்தில் உட்காருவாள். மாடியில் யாரோ நடப்பதுபோல் இருக்கும். அது அவளேதான், துணி மடித்துக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல். கீழே இருந்தவளுக்கு மேலே இருந்தவளைக் கூப்பிட மனம் வராது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் சித்தப்பா ஒருநாள் மண்ணைப் போட்டார். திறந்து வைக்க மட்டும் தனியாக ஓர் ஆள் கட்டுப்படியாகாது, தரகர் லைசென்ஸ் வாங்கினால் இருக்கலாம், இல்லாவிட்டால் லைசென்ஸ் உள்ள யாரையாவது சேர்த்துக்கொள்வேன் என்றார். அப்படியானால் சாவிகளும் அந்த ஆளிடம் போய்விடும். அதை நினைத்த அன்றே லைசென்ஸ் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டாள்.

எழுத்துத் தேர்வை ஊதித் தள்ளிவிட்டாள். சறுக்கியது செய்முறைத் தேர்வில். தேர்வு அதிகாரி வீடு வாங்க வந்தவராக நடிப்பார், அவள் சுற்றிக் காட்ட வேண்டும். முதல் தடவை, படுக்கையறையில் நின்று, "காலைல நான் இங்க நின்னுதான் தலை வாருவேன்" என்று சொல்லித் தொலைத்தாள். வீடு யாருடையது என்று அதிகாரி காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். அடுத்த தடவை வேறொரு வீட்டில் இன்னும் மோசம். வந்தவர் ஒரு பேச்சுக்குத்தான் இந்தச் சுவரை இடித்துவிடலாமா என்று கேட்டார். இந்த வீடு உங்களுக்குச் சரிப்படாது என்று அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டாள் மகராசி.

இனி ஒரு வாய்ப்புதான் பாக்கி. அத்துப்படியான வீடாக இருக்கட்டும் என்று சித்தப்பா மூலை வீட்டையே தேர்வுக்குக் கொடுத்தார். நல்லது செய்வதாக அந்த மனுஷருக்கு நினைப்பு.

இந்த முறை வந்தது ஓர் அதிகாரியம்மா. தலை நரைத்தவர். சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததுபோல் ஒரு முகம். சாவிக்காரி வாசல் பூட்டைத் திறந்தாள். தான் விற்கும் வீட்டில் தரகருக்குப் பங்கோ உறவோ இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று படித்தது நினைவுக்கு வந்தது. ஆசையைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமில்லை. இருந்தாலும் அவள் மனசு கேட்கவில்லை.

"ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன் மேடம். இந்த வீட்டு மேல எனக்கு ரொம்ப ஆசை. வாங்க வசதி கிடையாது. நான் தூக்கிப் பேசினா அதைக் கொஞ்சம் கழிச்சுட்டுக் கேளுங்க."

அதிகாரியம்மாவின் பேனா நின்றது. பிறகு, காட்டுங்கள் என்று கையசைத்தார்.

சொல்லிவிட்டதும் நெஞ்சு லேசாகிவிட்டது. முதலில் இருமிவிட்டுத் தண்ணீர் தரும் குழாய், மழைக்காலத்தில் உப்பி மூட மறுக்கும் அலமாரிக் கதவு, மாடிக் கூரையில் இருக்கும் கசிவுக் கறை என்று ஒன்றையும் ஒளிக்காமல் காட்டினாள். இறங்கி வரும்போது வெயில் படியில் ஏறியிருந்தது. அதைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. அதிகாரியம்மாவே அங்கு உட்கார்ந்தார், அவளும் உட்கார்ந்தாள். மாடியில் யாரும் நடக்கவில்லை.

அதிகாரியம்மா காகிதத்தை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பாஸ் என்றார். சாவிக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். அடுத்து வந்த குரல் வேறு மாதிரி இருந்தது.

"தேர்வு முடிஞ்சுது. இது நிஜமாவே கேக்கறேன். நான் தனியாத்தான் இருக்கேன், வீடு தேடிட்டிருக்கேன். இது இன்னும் விலைக்கு இருக்கா?"

வேறு ஒருவருக்குப் பேசி முடித்தாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அதிகாரியம்மாவின் கை, வெயில் பட்ட படியைத் தன்னையறியாமல் தடவிக்கொண்டிருந்தது. சாவிக்காரி அதையே பார்த்தாள். தாங்கமுடியாமல் வலித்தது.

"இருக்கு மேடம்," என்றாள். "காலியாத்தான் இருக்கு. எப்ப வேணும்னாலும் நீங்க குடி வரலாம்."