தபால்பெட்டி இல்லாத சாலை

ஒன்பது மணிக்குக் கொடி வணக்கம், ஒன்பது இரண்டுக்கு ஜெபம், ஒன்பது மூன்றுக்கு டோனட். எங்கள் டன்வுட் கவுன்ட்டியின் ஆட்சி ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இந்த வரிசையில்தான் தொடங்கும். கமிஷனர்கள் மூன்று பேர். இரண்டு பேரை எதிர்த்து யாருமே நிற்கவில்லை. மூன்றாமவரான டுவேன் ஃபைஃபரை எதிர்த்து நின்றவர் தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால் செத்துப்போனார். செத்தவரை டுவேன் நாற்பது ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அதையே அவர் இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நான் ட்வைலா, கவுன்ட்டி கிளார்க். பத்தொன்பது வருஷமாக மேஜையின் கோடியில் உட்கார்ந்து இவர்கள் பேசுவதை மினிட்ஸ் எழுதுகிறேன். போன கூட்டத்து மினிட்ஸை அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று சட்டம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாசித்தேன். இரண்டாவது பக்கத்திலேயே சேர்மன் மெர்ல் ஓபெர்க் கொட்டாவி விட்டார். அன்றிலிருந்து, 'வாசித்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி. மெர்ல், "திருத்தம் ஏதாவது?" என்பார். இன்னொரு கமிஷனர் கேலன் ஸ்ட்ரவுட் டோனட்டை மெல்லுவார். டுவேன், "வழிமொழிகிறேன்" என்பார், யாரும் முன்மொழிவதற்கு முன்பே. மூன்று கையெழுத்து. அவ்வளவுதான், அது கவுன்ட்டியின் சட்டபூர்வமான உண்மையாகிவிடும்.

அந்த நவம்பர் செவ்வாயன்று நீதிமன்றக் கட்டடத்து முகப்பில் கிறிஸ்துமஸ் விளக்கு வெள்ளையாகப் போடுவதா, கலராகப் போடுவதா என்று நாற்பத்தைந்து நிமிஷம் பேசினார்கள். வெள்ளை கௌரவமாக இருக்கும் என்றார் மெர்ல். கலர்தான் குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்றார் கேலன். அவருக்குப் பேரன் பேத்திகூடக் கிடையாது. டுவேன் இரண்டையும் வழிமொழிந்தார். அவ்வளவு நேரமும் பின்வரிசையில், கோட்டைக்கூடக் கழற்றாமல், ஆர்டிஸ் கூல்மன் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பேப்பர். அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

ஆர்டிஸ் விஷயம் எனக்குத் தெரியும். ஆகஸ்டில் செலவைக் குறைக்கிறோம் என்று கிளம்பினார்கள். ஆளில்லாத சாலைகளைப் பராமரிப்பிலிருந்து எடுத்துவிடுவது, சரளை போடுவதில்லை, பனி தள்ளுவதில்லை என்று முடிவு. எந்தெந்தச் சாலை என்று கணக்கெடுக்கச் சாலைப் பிரிவு டெல்பர்ட்டை அனுப்பினார்கள். டெல்பர்ட் வண்டியை விட்டு இறங்குகிற ஜாதி இல்லை. சாலையோரம் தபால்பெட்டி இருந்தால் வீடு உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று எழுதிக்கொண்டே போய்விட்டான். ஒன்பதாம் நம்பர் சாலையில் தபால்பெட்டி இல்லைதான். மழை பெய்தால் அந்தக் களிமண்ணில் தபால்காரர் வண்டி மாட்டிக்கொள்ளும் என்பதால், அந்தப் பக்கத்து ஏழு பெட்டிகளும் நெடுஞ்சாலை முக்கில் வரிசையாக நிற்கின்றன. எல்லாருக்கும் தெரிந்த விஷயம். டெல்பர்ட்டே தினம் அந்த ஏழு பெட்டியைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறான். ஆனாலும் ஒன்பதாம் நம்பருக்கு நேராக 'ஆளில்லை' என்று போட்டான். மூன்று பேரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். டைப் அடித்தது நான். நானும் படிக்கவில்லை. மூன்று பேரைத் திட்டுகிற வாயால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆளில்லாத சாலையின் கோடியில் ஆர்டிஸும் அவள் புருஷன் வெர்லினும் முப்பத்திரண்டு வருஷமாக இருக்கிறார்கள். வெர்லினுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் நாற்பது மைல் தள்ளி டயாலிசிஸ். பனி விழுந்து பாதை அடைத்தால் போக முடியாது. இரண்டு தடவை தவறினால் ஆள் தாங்கமாட்டான்.

பொதுமக்கள் பேச மூன்று நிமிஷம். மெர்ல் மேஜை மேல் ஒரு சமையலறை டைமரை வைத்திருக்கிறார், முட்டை வடிவத்தில். அதைத் திருகிவிட்டு, "மிஸஸ் கூல்மன், நீங்க பேசலாம்" என்றார். வெளியே பார்த்தால் 'ஆர்டிஸ், எப்படி இருக்கே' என்று தோளில் தட்டுகிற மனுஷன். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் 'நீங்க' வந்துவிடும்.

"என் வீட்டுக்குப் போற ரோடு அது, மெர்ல்," என்றாள் ஆர்டிஸ். "நீங்க எடுத்துட்டீங்க. இந்த வாரமே பனி வரப்போவுது. திருப்பிச் சேத்துடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"ரெக்கார்டுல அந்த ரோட்ல வீடு இல்லைன்னு இருக்கே."

ஆர்டிஸ் அவரை விட்டுவிட்டுக் கேலனைப் பார்த்தாள். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

"கேலன், சனிக்கிழமை சனிக்கிழமை முட்டை வாங்க எங்க வர்றே நீ?"

கேலன் டோனட் தூளை விரலால் மேஜையில் கூட்டிக் குவித்தார். "அது வந்து, ஆர்டிஸ்… நான் வர்றது போறதெல்லாம் ரெக்கார்டு ஆகாதில்ல."

"போன மாசம் வெர்லின் பக்கத்துல உக்காந்து ஆப்பிள் பை தின்னியே. ரெண்டு துண்டு. அப்ப எங்க வீடு இருந்துச்சா, இல்லியா?"

டுவேன் சிரித்துவிட்டார். மெர்ல் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

"பாருங்க, ஒரு தடவ தீர்மானம் போட்டுட்டா போட்டதுதான்," என்றார் மெர்ல். "தப்புன்னு நாங்களே சொன்னா, நாளைக்கு ஒவ்வொரு ரோட்டுக்காரனும் இங்க வந்து நிப்பான். முறைன்னு ஒண்ணு இருக்கு. மனு குடுங்க, பேப்பர்ல விளம்பரம் வரட்டும், ஜனவரில விசாரணை வெச்சுக்கலாம்."

"ஜனவரில அவரு இருக்கணுமே."

டைமர் மணியடித்தது. ஆர்டிஸ் இன்னும் வாயைத் திறந்தபடி நின்றாள். மெர்ல் நிஜமாகவே வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "டைம் ஆயிடுச்சு" என்றார். அவள் போனதும் விளக்குப் பேச்சைத் திரும்ப எடுத்தார்கள். வெள்ளை என்று முடிவாயிற்று. எனக்கு அந்த முட்டை டைமரை எடுத்து மெர்ல் மண்டையில் போட வேண்டும் போலிருந்தது.

மத்தியானம் டெல்பர்ட்டின் கொட்டகைக்குப் போனேன். பனி தள்ளும் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான்.

"உன் கணக்கு தப்பு டெல்பர்ட். உனக்கே தெரியும்."

"தெரியும். யாரு இல்லேன்னா?" என்றான் அடியிலிருந்தே. "ஆனா லிஸ்ட்ல இல்லாத ரோட்ல வண்டிய விட்டேன்னா மெர்ல் என் சீட்டக் கிழிச்சிடுவாரு. பேப்பர் குடு, போறேன். எனக்கு ஒரு பேப்பர் போதும்."

அவனுக்கு ஒரு பேப்பர் போதும். இந்தக் கவுன்ட்டியில் எல்லாருக்குமே ஒரு பேப்பர் போதும். தன் கண்ணால் பார்த்ததை நம்பாமல், எவனோ பார்க்காமல் எழுதியதை நம்புகிற கூட்டம் இது. அன்று சாயங்காலம் மினிட்ஸ் டைப் அடிக்க உட்கார்ந்தேன். கொடி வணக்கம். ஜெபம். விளக்கு, வெள்ளை. பிறகு நாலாவது பக்கத்தில், சவக்குழிக் கட்டணத்துக்கும் கழிப்பறைக் குழாய் ரிப்பேருக்கும் நடுவில், இப்படி அடித்தேன்: 'திருமதி ஆர்டிஸ் கூல்மன் கோரிக்கை கேட்கப்பட்டது. ஒன்பதாம் நம்பர் சாலை பராமரிப்புப் பட்டியலில் உடனே திரும்பச் சேர்க்கப்படுகிறது. முன்மொழிந்தவர் கேலன் ஸ்ட்ரவுட். வழிமொழிந்தவர் டுவேன் ஃபைஃபர். ஏகமனதாக நிறைவேறியது.' பொய் ரெக்கார்டு எழுதினால் ஜெயில் என்று எனக்குத் தெரியும். பென்ஷனுக்கு இன்னும் பதினான்கு மாசம்.

அந்த வாரம் வரும் என்ற பனி வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது. அடுத்த செவ்வாய். கொடி, ஜெபம், டோனட்.

"திருத்தம் ஏதாவது?" என்றார் மெர்ல்.

"வழிமொழிகிறேன்," என்றார் டுவேன்.

மெர்ல் கையெழுத்துப் போட்டார். டுவேன் போட்டார். கேலன் அன்றைக்கென்று கண்ணாடி போட்டிருந்தார். பக்கங்களைப் புரட்டி, நாலாவதில் அவர் விரல் நின்றது. தன் பெயரைத் தானே பார்த்தால் யாருக்கும் விரல் நிற்கும். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மெர்லைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் முடிந்து மற்றவர்கள் போனதும் என் மேஜையருகே வந்து நின்றார். "ட்வைலா, நான் எதையும் படிக்கல" என்றார். "என்னிக்கும் படிச்சதில்ல. உனக்கே தெரியுமே." பெட்டியில் மிச்சமிருந்த இரண்டு டோனட்டையும் நாப்கினில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நல்ல காரியம் செய்துவிட்டு அவர் பூனை மாதிரி நழுவுவதைப் பார்த்து எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. போன வாரம் வாயைத் திறந்து செய்திருக்கலாம். நாளைக்கு யாராவது கேட்டால், ஜெயிலுக்கு நான் மட்டும்தான் போவேன்.

வியாழன் பகல் முழுக்கப் பனி கொட்டியது. வெள்ளி காலை, விடிந்தும் விடியாததுமாக, நெடுஞ்சாலை முக்கில் காரை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். ஏழு தபால்பெட்டிகளும் தலையில் பனிக் குல்லாவோடு நின்றன. ஒன்பதாம் நம்பர் சாலை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. எட்டு மணிக்கு வெர்லின் டயாலிசிஸ் நாற்காலியில் ஊசி ஏற்றிக்கொண்டு இருக்க வேண்டும்.

டெல்பர்ட்டின் வண்டி மஞ்சள் விளக்கு சுழல வந்தது. முக்கில் நின்றது. நின்றபடியே இருந்தது. கண்ணாடிக்குள் அவன் நான் கொடுத்தனுப்பியிருந்த பேப்பரை எடுத்து விளக்கடியில் பிடித்துப் படிப்பது தெரிந்தது. மூன்று கையெழுத்தையும் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பித் தபால்பெட்டிகளைப் பார்த்தான். உதடு அசைந்தது, எண்ணுகிறான் போலிருக்கிறது. ஏழையும் எண்ணி முடித்துவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் வணக்கம் மாதிரி எனக்காக உயர்த்தினான். பனி தள்ளும் தகடு கீழே இறங்கிச் சரளையில் உரசுகிற சத்தம் கேட்டது. தூரத்தில், அந்த வெள்ளையின் அடுத்த கோடியில், ஆளில்லாத வீட்டின் முன்னால் ஒரு பிக்கப் வண்டியின் இரண்டு விளக்கும் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தன.