பன்னிரண்டாவது வயல்

அடி அண்ணாமலையில் தர்மவதியின் வீடு 2021 தை மாதத்திலிருந்து மாதத்துக்கு மூன்று சென்டிமீட்டர் பூமிக்குள் இறங்கியது. பக்கத்து வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. சுவரில் ஒரு கீறல் விழவில்லை, கிணற்றுத் தண்ணீர் கலங்கவில்லை. டேப்போடு அளக்க வந்த இரண்டு பேர், கீழே முழுக்கக் கருங்கல், கடப்பாரையே இறங்காத இடத்தில் வீடு எப்படி இறங்கும் என்று அவளையே கேட்டார்கள். அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தர்மவதிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அவளும் கணவன் சீவகனும் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. கிரகப்பிரவேசம் முடிந்த ஏழாம் மாதம் சீவகன் மாரடைப்பில் போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. ஒரு எண்ணெய்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். என்ன வேலை என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் விளங்காது. உண்மையில் சாதாரண விஷயம்தான். பெண் பார்க்கப் போகிறவர்கள் அக்காக்காரி எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று விசாரிப்பார்களே, அந்த மாதிரி. காவிரிப் படுகைக்கு எதிரே கடலுக்கு அடியில் கம்பெனிக்கு ஒரு புது எண்ணெய் வயல் இருந்தது. அதே மாதிரிப் பாறையும் ஆழமும் கொண்ட பழைய வயல்கள் உலகத்தில் எங்கே இருக்கின்றன, அவை எப்படி நடந்துகொண்டன என்று தேடி, இதை எப்படி நடத்தலாம் என்று அவள் சொல்ல வேண்டும். பதினோரு வயல்களைக் காட்டினாள். பதினொன்றும் நன்றாக ஓடியவை. அதை நம்பிக் கம்பெனி வேகமாக எடுக்க ஆரம்பித்தது.

எடுக்க எடுக்கப் பாறைக்குள் அழுத்தம் குறைந்தது, பாறை அமுங்கியது, கடலடித் தரை மாதம் மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்தது. மாதாமாதம் அந்த அறிக்கை அவளுக்கு வரும். பழுது பார்க்கப் பன்னிரண்டு நாள் எண்ணெய்க் கிணறுகளை மூடியபோது அவள் வீடும் பன்னிரண்டு நாள் நின்றது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லிக்கொள்ள ஓர் ஆள் இல்லாததுதான் வீடு இறங்குவதைவிட அவளைப் பிடுங்கித் தின்றது.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போகும் கூட்டம் அவள் ஜன்னலை ஒட்டித்தான் போகும். முதலில் முகங்கள் தெரிந்தன, பிறகு இடுப்புகள், மூன்றாம் வருஷம் வெறுங்கால்கள் மட்டும். தர்மவதி சைனக் குடும்பம், இருட்டுமுன் சாப்பிட்டுவிடுவது அவர்கள் வழக்கம். வீடு தாழத் தாழ உள்ளே பொழுது சீக்கிரம் சாய்ந்தது, அவள் நாலேகாலுக்கே தட்டை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தாள். எதிரே எலுமிச்சை ஜூஸ் விற்கும் பாஞ்சாலை வாசல் மண்ணை வெட்டிப் படி அமைத்துக் கொடுத்தாள். அவள்தான் ஒருநாள் குனிந்து, "இன்னும் ரெண்டு வருஷம் போனா கதவே தெறக்காதும்மா. எங்கனா போயிடுங்க," என்றாள். சீவகன் ஒவ்வொரு செங்கல்லாகத் தட்டிப் பார்த்து வாங்கிய வீட்டை விட்டுவிட்டு எங்கே போவது?

போகாமல் தேடினாள். தன் பதினொன்றையும் மறுபடி பார்த்தபோதுதான் புத்தியில் உறைத்தது. அவள் வயல்களைப் பொறுக்கியது மாநாட்டுக் கட்டுரைகளிலிருந்து. கெட்டுப்போய் மூடிய வயலை யார் மேடையில் படம் போட்டுக் காட்டுவார்கள்? மூடிய வயல்களின் பழைய கோப்புகளை ஆறு மாதம் புரட்டினாள். ஐரோப்பாவில் வடகடல் ஓரத்தில் ஒன்று கிடைத்தது. பாறை, ஆழம், அழுத்தம் எல்லாம் அச்சு அசல். தண்ணீரை உள்ளே செலுத்திப் பாறையைத் தாங்கியிருக்க வேண்டும். நான்கு வருஷம் தாமதமாகச் செலுத்திக் கெடுத்துவிட்டார்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதியவர் இரண்டு வரி சேர்த்திருந்தார்: என் வீடும் இறங்குகிறது. தெருவில் வேறு எந்த வீடும் இறங்கவில்லை.

தர்மவதி அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கீழே இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு எழுதினாள். ஒன்பது நிமிடத்தில் பதில் வந்தது. எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டிருந்தார்.

கெட்டுப்போன அந்த வயலைப் பற்றி அவள் சொன்னதைக் கேட்டுக் கம்பெனி மேலாளர் திருமலை சிரித்தார். "பதினோரு வயல் நல்லா ஓடுது மேடம். ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு உற்பத்திய கம்மி பண்ணிட்டுத் தண்ணி விடணுமா?"

"அந்தப் பதினொண்ணையும் பொறுக்குனது நான்தான் சார். நல்லா ஓடுனதா பாத்துப் பொறுக்கிட்டேன். தப்பு என்னுதுதான்," என்றாள் தர்மவதி. "எழுதியே குடுத்துடறேன்."

முப்பது வருஷ வேலையில் இப்படி எழுதிக் கொடுத்தவர் யாரையும் திருமலை பார்த்ததில்லை. தண்ணீர் விடும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அந்த வைகாசியில் தண்ணீர் செலுத்தினார்கள். கடலடித் தரை நின்றது. வீடு நூற்றிருபத்திரண்டு சென்டிமீட்டரில் நின்றது. அமுங்கிய பாறை திரும்ப எழும்பாது என்பதால் வீடும் எழும்பவில்லை, கதவு மட்டும் தப்பியது. தர்மவதிக்குப் பதவி குறைந்தது. பாஞ்சாலை படிக்குச் சிமெண்ட் பூசினாள்.

வடகடல்காரரின் வயலை மூடி ஆட்கள் எப்போதோ போய்விட்டார்கள். அளவு மீறி நொறுங்கிப்போன பாறை மட்டும், எடுப்பது நின்ற பிறகும் தன் பாட்டுக்கு அமுங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் விட ஆள் இல்லை. அவருக்காகத் தர்மவதி பதின்மூன்றாவது வயலைத் தேடினாள்: அவருடையதைப் போலவே கெட்டு, பிறகு பிழைத்த ஒன்று. ஒன்றரை வருஷம் தேடியும் கிடைக்கவில்லை. தானும் ஆறு வருஷம் தேடிப் பார்த்ததாகவும், வருத்தப்பட வேண்டாம் என்றும் எழுதினார். தான் தப்பித்துக்கொண்டது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

போன கார்த்திகையில் அவருடைய கூரையும் மண்ணுக்குள் போனது. கடிதங்கள் வழக்கம்போல வாராவாரம் வருகின்றன. உள்ளே காற்று இல்லை, சத்தமும் இல்லை, மற்றபடி சௌகரியம் என்கிறார். அந்த வாரத்து ஆழத்தையும் எழுதுகிறார். தர்மவதி அன்று என்ன சமைத்தாள் என்று எழுதிவிட்டு, கீழே நூற்றிருபத்திரண்டு என்று போடுகிறாள்.