ஏழாம் எண் குறிப்பு

பெற்றோர் சந்திப்பு நாளில் பாலெட் டீச்சருக்கு இருந்த ஒரே ஆறுதல் அங்கே தருகிற சில்லிக் குழம்பும் சின்னமன் ரோல் என்ற இனிப்பு ரொட்டியும்தான். இந்த முறை அதையும் உட்கார்ந்து சாப்பிட விடவில்லை. கூடைப்பந்துக் கூடத்தில் வரிசையாக மேசை போட்டு, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று மேசைக்கு ஒரு மணியடிக்கும் கடிகாரத்தையும் வைத்துவிட்டார்கள். காகிதத் தட்டில் ரோல் காய்ந்துகொண்டிருந்தது. "நல்ல பையன்தான், ஆனா..." என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தாடை வலித்தது.

அமெரிக்காவின் அயோவாவில் பத்தாம் வகுப்புக்கு உலக இலக்கியம் நடத்துவது என்ன லேசுப்பட்ட வேலையா? எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோளம், இல்லையென்றால் பன்றிப் பண்ணை. கடலையே பார்த்திராத பிள்ளைகளிடம் எங்கோ ஒரு தேசத்து மீனவக் குடும்பத்தின் கதையைக் கொடுக்க வேண்டும். கடலுக்குப் போய்த் திரும்பாத மகனுக்கு அந்த வீட்டில் தினமும் தட்டு வைக்கிறார்கள். 'இது உன் வீட்டோடு எப்படிப் பொருந்துகிறது? ஐந்து பத்தியில் எழுது' என்று கேட்க வேண்டும். பிறகு வந்து குவிகிற கட்டுரைகளை ஞாயிற்றுக்கிழமை பூராவும் திருத்த வேண்டும். அத்தனையையும் வரி விடாமல் படிக்க அவள் என்ன இயந்திரமா?

ஆனால் இயந்திரம் என்று ஒன்று இருக்கத்தானே செய்கிறது! எல்லா டீச்சர்களையும் போல அவளும் கணினியில் குறிப்புகளை முன்கூட்டியே எழுதி, எண் போட்டுச் சேமித்து வைத்திருந்தாள். இரண்டை அழுத்தினால், 'சான்று எங்கே?' நான்கை அழுத்தினால், 'உன் மையக் கருத்து தெளிவாக இல்லை.' ஏழு மட்டும் கொஞ்சம் இனிப்பானது: 'அருமையான விவரம்! இதை விரித்து எழுது. வாசகருக்கு இன்னும் தெரிய வேண்டும்.' முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு, மூன்றாவது பத்தியில் கண்ணை மூடிக்கொண்டு ஏழாம் எண்ணைத் தட்டிவிடுவாள். பிள்ளைகளுக்கும் சந்தோஷம், அவளுக்கும் தூக்கம்.

அடுத்து வந்து உட்கார்ந்தது வெர்லின் ஓல்டன்காம்ப், கூடவே மகள் மேரன். வெர்லினைப் பார்த்ததும் பாலெட் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த மனுஷன் பள்ளிக்கூட வாசலை மிதித்து எத்தனையோ வருஷமாயிற்று. மூத்தவன் டிராவிஸ் அவளிடம்தான் படித்தான். சோளம் கொட்டிவைக்கும் இரும்புக் குதிருக்குள் இறங்கியவன், சோளத்துக்கடியில் புதைந்து போய்விட்டான். ஊருக்கே தெரிந்த கதை. அந்த வீட்டில் மட்டும் யாரும் அதைப் பேசுவதில்லை என்பதும் ஊருக்கே தெரியும்.

வெர்லின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மேரன் ஒரு கத்தைத் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், இவ கட்டுரையில நீங்க எழுதியிருந்தீங்கல்ல, அதக் காட்டித்தான் இவ எங்கிட்ட வந்து கேட்டா" என்றார் வெர்லின்.

எதை எழுதினோம்? பாலெட்டுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சிரித்துச் சமாளித்தபடி மடிக்கணினியைத் திறந்தாள். மேரனின் கட்டுரை வந்தது. மூன்றாவது பத்தி: 'என் அண்ணன் டிராவிஸின் பூட்ஸ் இன்னும் பின்கதவு ஓரத்தில்தான் இருக்கிறது. அதை யாரும் நகர்த்துவதில்லை. அது ஏன் என்று யாரும் சொல்வதுமில்லை.' அதற்குக் கீழே, பச்சை எழுத்தில்: 'அருமையான விவரம்! இதை விரித்து எழுது. வாசகருக்கு இன்னும் தெரிய வேண்டும்.'

அட கடவுளே!

"சர்ச்சுல பாஸ்டர் கேட்டாரு, பொண்டாட்டி அழுதழுது கேட்டா. நான் வாயே தொறக்கல" என்றார் வெர்லின், தொப்பியைப் பார்த்தபடி. "இவ வந்து ஹோம்வொர்க்குன்னு நிக்கிறா. டீச்சரே கேட்டிருக்காங்கங்கிறா. டிரக்குல உக்காரவச்சு சொல்லிட்டேன். சோளம் கட்டி தட்டிப் போச்சு, எறங்கிக் குத்திவிடுடான்னு சொன்னது நான்தான். அடியில சோளத்த உள்ள இழுக்கிற மோட்டார நிறுத்த மறந்ததும் நான்தான்."

பக்கத்து மேசையில் கணக்கு வாத்தியார் யாருடைய மதிப்பெண்ணையோ கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். வெர்லின் தலையை நிமிர்த்தினார்.

"அருமையான விவரம்னு எழுதியிருந்தீங்க. அதுல உங்களுக்கு எது டீச்சர் புடிச்சிருந்துச்சு? கோவமாக் கேக்கல. தெரிஞ்சுக்கணும்னுதான் வந்தேன்."

பொய் சொல்ல ஒரு நொடி போதும். பூட்ஸ் பற்றிய வரிதான் இப்போது கண்ணெதிரே இருக்கிறதே. 'அந்த பூட்ஸ் மனசைத் தொட்டது' என்று ஈரக் குரலில் சொன்னால் இவர் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். அவளும் வீடு போய்க் காலை நீட்டலாம். ஆனால் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"நான் படிக்கல, வெர்லின்."

"என்னது?"

"இவ கட்டுரைய நான் படிக்கல. அது முன்னாடியே எழுதிவச்ச குறிப்பு. ஒரு பட்டன அமுக்கினா வந்து ஒக்காந்துக்கும். யாருக்கு என்ன எழுதினேன்னுகூட எனக்குத் தெரியாது. எனக்கு... எனக்கு முடியல. அவ்ளோதான்."

வெர்லின் முகம் இறுகியது. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தே விட்டார். "எம்புள்ள செத்தத ஒரு பட்டன அமுக்கியா கேட்டீங்க?"

பாலெட் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டட்டும், ஊரைக் கூட்டட்டும். எல்லாம் தகும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"அப்பா, உக்காரு" என்றாள் மேரன். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"மிஸ் படிக்கமாட்டாங்கன்னு கிளாஸ்ல எல்லாருக்குமே தெரியும். எங்க கிளாஸ் பையன் பிரைஸ் மூணாவது பத்தியில பான்கேக் சுடுறது எப்படின்னு எழுதிவச்சான். அவனுக்கும் இதேதான் வந்துச்சு. அருமையான விவரம், விரிச்சு எழுதுன்னு. அந்தத் தடியன் சிரப்பையும் சேத்து ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தான்." அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"தெரிஞ்சேதான் எங்கிட்ட வந்து கேட்டியா?"

"நானாக் கேட்டா நீ சொல்லியிருப்பியா? ஹோம்வொர்க்குன்னா மாடு கன்னு போடறப்பக்கூட என்னை எழுப்பமாட்ட. டீச்சர் கேட்டா முடியாதுன்னு சொல்லமாட்டன்னு தெரியும். அதான்."

வெர்லின் தொப்பியை மறுபடியும் கழற்றினார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

மேரன் கத்தைத் தாளை மேசைமேல் வைத்து பாலெட் பக்கம் தள்ளினாள். "விரிச்சு எழுதியிருக்கேன் மிஸ். மார்க் போடவேணாம். இத மட்டும் படிங்க. அப்பாகிட்ட நேராக் குடுக்க எனக்குப் பயமாருக்கு."

பாலெட் படித்தாள். முதல் பத்தியோடு நிறுத்தாமல் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சான்று இல்லை, மையக் கருத்து இல்லை, ஐந்து பத்தியும் இல்லை. மீனவர் வீட்டுத் தட்டு ஒரே ஒரு இடத்தில் வந்தது. மோட்டார் வந்தது. டிரக்குக்குள் அப்பா சொன்னதும் அப்படியே வந்தது. கடிகாரம் மணியடித்தது. அடுத்து நின்றவர்கள் செருமினார்கள், ஒருவர் "எங்களுக்கும் வீடு வாசல் இருக்கு டீச்சர்" என்றார். அவள் நிமிரவே இல்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கடைசித் தாள்வரை வந்துவிட்டாள்.

அந்தத் தாளைத் திருப்பி வெர்லின் முன்னால் வைத்து, கடைசி வரிகளை மட்டும் விரலால் காட்டினாள்.

வெர்லின் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். 'பண்ணைக்குப் போட எனக்கு நல்ல பூட்ஸ் இல்லை. அண்ணனுடையதைப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் பெரியதாக இருக்கிறது. அப்பா சரி என்றால் போட்டுக்கொள்வேன்.'

ஒரு முறை படித்தவர் மறுபடியும் படித்தார். மேரன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு சாக்ஸ் போட்டுக்க" என்றார் வெர்லின்.