இடி வீட்டுத் தண்ணீர்

அந்தப் பள்ளத்தாக்கில் பெண் கேட்டு வருகிறவர்கள் நிலம் எவ்வளவு என்று கேட்பதில்லை. "எத்தனை நிழல் தண்ணி?" என்றுதான் கேட்பார்கள். நிலத்தை அங்கே யார் வேண்டுமானாலும் உண்டாக்கிக்கொள்ளலாம். சரிவில் கல்லை அடுக்கி, ஆற்றங்கரை மண்ணை முதுகுக் கூடையில் சுமந்து வந்து கொட்டினால் ஒரு படிவயல் ஆயிற்று. இடுப்பு போகும், அவ்வளவுதான். தண்ணீரை அப்படி உண்டாக்க முடியாது. மழைமேகம் மலைக்கு அந்தப் பக்கமே வயிற்றைக் காலி செய்துவிட்டு, வெறுங்கையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். உச்சியில் உருகும் பனியைப் பாறையை ஒட்டி இழுத்து வருகிற ஒற்றை வாய்க்கால்தான் மொத்த ஊருக்கும். உருளைக்கிழங்கு, ஆப்பிள், ஆட்டுக்குப் புல், எல்லாம் அதன் தயவு. உருளைக்கிழங்கைக் கோவேறு கழுதையில் ஏற்றிக் கணவாய் தாண்டி அனுப்பினால் உப்பும் மண்ணெண்ணெயும் துணியும் திரும்பி வரும். பனி விழுந்து கணவாய் மூடிவிட்டால் வருவதும் இல்லை, போவதும் இல்லை.

நிழல் என்பது தண்ணீரின் அளவு. தெற்கே கொக்கு மூக்கு மாதிரி ஒரு சிகரம். அதன் நிழல் காலையிலிருந்து மாலைவரை எதிர்ப்பாறைமேல் நகர்ந்துகொண்டே இருக்கும். பாறையில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு நிழல் போய்ச் சேரும்வரை ஒரு வீட்டு முறை. கடிகாரம் வந்த பிறகும் யாரும் அதை நம்பவில்லை. "கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறவன் மனுஷன். அவன் வயல் காய்ஞ்சா சாவியைக் கொஞ்சம் மெதுவாத்தான் கொடுப்பான்" என்பார்கள்.

முறை முடிந்தவர் தன் மடையை அடைப்பதற்கு முன், கீழே இருக்கிற வீட்டைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூப்பாடு. வீட்டுக்காரரின் பட்டப்பெயரைச் சொல்லி, "இருக்கியா?" என்று கேட்பார்கள். "இருக்கேன்" என்று குரல் வந்தால் தண்ணீர் அந்த வீட்டுக்கு. குரல் வராவிட்டால் அதற்கும் கீழே உள்ள வீட்டுக்கு. ஆள் இல்லாத வயலுக்குத் தண்ணீர் விட்டால் கரை உடையும், கரை உடைந்தால் கீழே உள்ள படியெல்லாம் சேர்ந்து சரியும். அதனால்தான் இந்த வழக்கம். கூப்பாட்டில் மரியாதை கிடையாது. மாமனாரைக்கூட மருமகன் பட்டப்பெயரில்தான் கூப்பிடுவான். மரியாதை சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் இன்னொருவன் வயலில் நிற்கும்.

அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி இருந்தாள். அவளுடைய கணவனின் பட்டப்பெயர் இடி. மற்றவர்கள் வாயருகே கையைக் குவித்துக் கத்துகிற இடத்தில் அவன் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு சாவகாசமாக "இருக்கேன்" என்பான். எதிர்ப்பாறை அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்கள், "எங்களுக்கும் தண்ணி வந்துருச்சு போல" என்று சிரிப்பார்கள்.

அவளோ கணவாய்க்கு அந்தப் பக்கம், சமவெளியில் பிறந்தவள். அங்கே பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலுக்கு ஜன்னல் பேசுகிற தூரத்தில் இருப்பாள். குரலை உயர்த்துகிறவர்கள் சண்டைக்காரர்கள். ஆகவே அவள் பேசினால் அடுப்பங்கரை தாண்டாது. கல்யாணமாகி வந்த புதிதில் ஓரகத்தி, அதாவது கணவனுடைய அண்ணன் மனைவி, அவள் வாயருகே காதைக் கொண்டுவந்து, "என்னடி, ரகசியமா? கொஞ்சம் ஊருக்கும் சொல்லு" என்பாள். ஊர் அவளைச் சமவெளி என்று கூப்பிட்டது. இடிக்கு வாய்த்தது ஈசல் என்றும் சொன்னார்கள். அவன் அதற்கும் இடிபோலச் சிரித்தான்.

கணவாய் மூடிய மாதத்தில் அவனுக்கு மார்ச்சளி வந்தது. டாக்டர் கணவாய்க்கு அந்தப் பக்கம். முதலில் போனது குரல்தான். கடைசி நாட்களில் அவன் கிசுகிசுத்தான், அவள் கிசுகிசுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்போதுதான் இரண்டு பேரும் ஒரே அளவில் பேசிக்கொண்டார்கள். "உன் பாஷை எனக்கு வந்துருச்சு பாத்தியா" என்றான் ஒரு நாள். பனி இறுகிய மண்ணை நெருப்பு மூட்டி இளக்கித்தான் அவனுக்குக் குழி தோண்ட வேண்டியிருந்தது.

பனி உருகத் தொடங்கியதும் அவள் தனியாகவே உருளைக்கிழங்கு நட்டாள். வேறு என்ன செய்வது? கையும் காலும் சும்மா இருக்க மறுத்தன. முளை விரல் உயரம் வந்தபோது வாய்க்காலில் புதுத் தண்ணீர் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. அன்று சாயங்காலம் மூத்தாரும் ஓரகத்தியும் வந்தார்கள். மூத்தார் கணவனின் ஒரே அண்ணன். வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். உள்ளே வந்து உட்கார்ந்தால் பேச முடியாது என்று நினைத்தவர்போல.

"ஏம்மா, தண்ணி முறைக்கு நான் வந்து குரல் கொடுக்கிறேன். நீ ஒண்ணும் கவலைப்படாத."

அவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. ஓரகத்தி எடுத்துச் சொன்னாள். "இந்த வருஷம் மட்டுமான்னு கேக்குறா."

அவர் நிலையைத் தடவினார். கேட்கவே தேவையில்லாத கேள்வி அது. ஒரு பருவம் முழுக்க எந்தக் குரல் தண்ணீரை வாங்குகிறதோ, அடுத்த பருவத்திலிருந்து தண்ணீர் அந்தக் குரலுக்கு. அதுவும் வழக்கம்தான். மூத்தார் கெட்டவர் இல்லை. குழிக்கு நெருப்பு மூட்டியவர் அவர்தான். ஆனால் அவருக்கு வளர்ந்த மகன்கள் இருந்தார்கள், படிவயல் இருந்தது, தண்ணீர் போதவில்லை. நல்லவருக்கும் தாகம் எடுக்கும்.

"நீ கத்தப் போறியா? அம்மாடி, உன்னால முடியுமா?" என்றாள் ஓரகத்தி. கேலி இல்லை, உண்மையான கவலை. "தண்ணி நம்ம கூட்டத்துக்குள்ள இருந்தா உனக்கும் ரெண்டு மூட்டை வராமலா போகும்? இல்லன்னா சமவெளியில உங்க அண்ணன் வீட்டுக்குப் போய் இருக்கலாம். அங்க திருகினா தண்ணி வருமாமே."

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். அண்ணன் வீட்டில் திருகினால் தண்ணீர் வரும், உண்மைதான். கீழ்ப்படி வயலின் மண்ணை அவளும் அவனும் கூடை கூடையாகச் சுமந்ததை அங்கே யாரிடம் சொல்வது? அவள் வாய் திறக்கவில்லை. பேசாதவர்கள் சம்மதித்ததாகத்தான் ஊரில் கணக்கு. மூத்தார் தலையசைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஆட்டுக்கொட்டிலின் கதவைச் சாத்திக்கொண்டு கத்திப் பார்த்தாள். "இருக்கேன்." ஆடு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அசைபோட்டது. இன்னொரு தரம் முயன்றபோது இருமல்தான் வந்தது.

அவளுக்கு மேலே இருந்த வயல்காரர் கணவனின் தோழர். அவர்தான் கூப்பிட வேண்டியவர். அவளுக்குக் கீழே இருந்த வயல்காரியின் பட்டப்பெயர் வெந்நீர். யார் தொட்டாலும் கை வெந்துபோகும் வாய். இடி போனதற்கு அழுதவள்தான். அழுத கையோடு, "அந்த வீட்டில் குரல் கொடுக்க ஆளில்லன்னா தண்ணி நேரா எனக்குத்தானே" என்று மாவுமில்லில் சொன்னதாகவும் கேள்வி.

இறந்தவரின் கூப்பாட்டை அதன்பின் யாரும் சொல்லக் கூடாது. இல்லாதவனை "இருக்கியா" என்று கேட்பது தகாது. தவறிச் சொல்லிவிட்டாலும் யாரும் பதில் கொடுக்கக் கூடாது. அந்தத் தண்ணீர் நிற்காமல் கீழ்வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதனால் அவள் வீட்டுக்குப் புதிய கூப்பாடு சமவெளி என்று மூத்தார் மேல்வயல்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார். மேல்வயல்காரர், "நான் என்ன குழந்தையா?" என்று கோபித்துக்கொண்டாராம்.

தண்ணீர் வந்த அன்று வெயில் நன்றாக இருந்தது. எல்லா வயலிலும் ஆட்கள். அவள் கணவனின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு மடைப் பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். செருப்பு பெரிது. நடந்தால் பின்னால் தனியாக வந்தது. கொஞ்சம் தள்ளி மூத்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக இருந்தார். கீழே வெந்நீர் மண்வெட்டியும் கையுமாக, எதையும் கவனிக்காதவள்போல எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

நிழல் கோட்டைத் தொட்டது. மேல்வயல்காரர் நிமிர்ந்தார். கையைக் குவித்தார். எத்தனையோ வருஷமாக அந்தக் கோட்டில் நிழலைப் பார்த்ததும் அவர் வாய் தானாக என்ன சொல்லுமோ அதைச் சொல்லிவிட்டது.

"இடியோவ்... இருக்கியா?"

எதிர்ப்பாறை அதை வாங்கி இன்னொரு முறை கேட்டது.

பள்ளத்தாக்கு முழுவதும் கையில் இருந்த வேலை நின்றது. மேல்வயல்காரர் குவித்த கையை அப்படியே வாயில் பொத்திக்கொண்டார். மூத்தார் திறந்த வாயை மூடிக்கொண்டார். தம்பியின் கூப்பாட்டுக்கு அவரால் எப்படிப் பதில் கொடுக்க முடியும்? அவர் முகம் கோணிப்போயிற்று. கீழே வெந்நீர், தயக்கத்தோடுதான், தன் மடையை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள்.

அவள் முளைகளைப் பார்த்தாள். இந்த முறை விட்டால் ஊரெல்லாம் சுற்றி அடுத்த முறை வருவதற்குள் அத்தனையும் கருகும். பாறையைப் பார்த்தாள். அந்தக் கேள்வி இன்னும் அங்கேயே தொங்குவதுபோல் இருந்தது. கேட்டால் யாராவது பதில் சொல்ல வேண்டாமா?

"இருக்கேன்!"

யார் கத்தியது என்று அவளே ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். அழகான குரல் என்று சொல்ல முடியாது. புதுக் கதவு திறப்பதுபோல ஒரு கீச்சு, நடுவில் ஒரு உடைசல். ஆனால் பாறை அதையும் வாங்கிக்கொண்டது, திருப்பியும் கொடுத்தது.

அவள் குனிந்து பலகையைத் தூக்கினாள். மேலே மேல்வயல்காரர் வாயிலிருந்து கையை எடுத்தார். பிறகு தன் மடையை அடைத்தார். தண்ணீர், குப்பையையும் சருகையும் முன்னே தள்ளிக்கொண்டு, வளைந்து வந்து அவள் வயலுக்குள் தலையை நுழைத்தது.

"செத்தவன் கூப்பாட்டுக்குப் பதில் கொடுக்கிறதா?" கீழேயிருந்து வெந்நீர் தொடங்கினாள். "இது எந்த ஊர் நியாயம்? அந்தத் தண்ணி நிக்கக் கூடாது. அது எனக்கு வரவேண்டியது."

"தப்பு என்னோடது தாயே" என்றார் மேல்வயல்காரர் மேலிருந்து. "ஆனா நான் கேட்டது இருக்கியான்னுதான். ஒருத்தி இருக்கேன்னா. அவ இருக்காளா இல்லையா? நீயே பாத்துச் சொல்லு."

"உங்களுக்கு ஞாபகமறதி, அவளுக்குத் தண்ணியா? நல்லாருக்கே. பெரியவரே, நீங்க சொல்லுங்க. கல்லு மாதிரி நிக்கிறீங்க."

மூத்தாரைத்தான் கேட்டாள். செல்லாது என்று அவர் சொல்லிவிட்டால் முடிந்தது. தண்ணீர் வெந்நீருக்குப் போகும், அடுத்த முறை தன் குரலில் அவரே வாங்கிக்கொள்ளலாம். அவர் தம்பி மனைவியைப் பார்த்தார். அவள் முழங்கால்வரை சேற்றில் நின்றுகொண்டு, வரிசைக்கு வரிசை தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு தனியாக நின்றது. அவர் இறங்கி, அந்தச் செருப்பைப் பிடுங்கி எடுத்துக் கரையில் வைத்தார்.

"என் காதுல கேட்டுச்சு" என்றார். "உனக்கும் கேட்டுச்சு. அதான் கத்துற."

அவர் தோளில் மண்வெட்டியைப் போட்டுக்கொண்டு தன் வயலுக்கு நடந்தார். போகும்போது அவளைப் பார்க்காமலே, "கிழக்கு மூலையில கரை மெலிசா இருக்கு. பாத்துக்கம்மா" என்றார்.

வெந்நீர் ஓயவில்லை. நிழல் நகர நகர அவளும் பேசிக்கொண்டே இருந்தாள். இடியைத் திட்டினாள், மேல்வயல்காரரின் பரம்பரையைத் திட்டினாள், நடுவே மூக்கைச் சிந்திக்கொண்டு, "அந்தப் பாவி இருந்தா நான் இப்படிப் பேசுவேனா" என்றும் சொன்னாள். இடி வீட்டுக்காரி தண்ணீரைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். வரிசைகள் ஒவ்வொன்றாகக் கறுத்துக் குளிர்ந்தன.

நிழல் அடுத்த கோட்டை நெருங்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது. வாங்கியாயிற்று. இப்போது கொடுக்க வேண்டும். கீழே கூப்பிட வேண்டியவள் இனி அவள்தான். இத்தனை நாளும் "இருக்கேன்" என்ற ஒரு சொல்லை மட்டுமே நினைத்திருந்தாள். இது அவள் நினைவிலேயே இல்லை. வெந்நீர் பதில் கொடுத்தால், முறை இவளுடையதாக இருந்தது என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி. பதில் கொடுக்காமல் வீம்புக்கு நின்றால் தண்ணீர் அவளையும் தாண்டிப் போகும். வெந்நீருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. பேச்சு சட்டென்று நின்றுவிட்டது.

நிழல் தொட்டது. அவள் கையைக் குவித்தாள். தன்னைவிட மூத்தவளைப் பட்டப்பெயர் சொல்லி எப்படிக் கூப்பிடுவது? நாக்கு புரளவில்லை.

"வெந்நீர் அக்காவ்... இருக்கீங்களா?"

மேல்வயலில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. அந்த வாய்க்காலில் அக்கா என்ற சொல் ஓடியதே இல்லை.

வெந்நீர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். பாறையைப் பார்த்தாள், தன் வயலைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள், எடுத்தாள்.

"இருக்கேன் இருக்கேன்" என்று கடைசியில் கத்தினாள். "நான் எங்க போகப் போறேன்? அக்காவாம், அக்கா. அடுத்த தடவை கொஞ்சம் சத்தமா கூப்பிடு."

இடி வீட்டுக்காரி தன் மடையை அடைத்தாள். கரையில் இருந்த செருப்பை எடுத்து, ஓடுகிற தண்ணீரில் சேறு போகக் கழுவிக் காலில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது.